அறுபத்து நாலு விளக்கு

ஆம்பூர்
18 நவம்பர் 2024

என் அண்ணன் மகள் ஜெசிந்தாவுக்கு அத்தை சவுரியம்மாள் எழுதுவது.

இங்கே நானும் ஜோசுவாவும் நாலு கோழியும் சுகம். என் முட்டி மட்டும் சுகமில்லை, அதற்கும் உனக்கும் சம்பந்தமில்லை. மலைமேல் ரொம்பக் குளிராமே? ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள், ஆண்டவர் ஒன்றும் கோபிக்கமாட்டார்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் டீச்சர் வீட்டில் வெங்காயம் உரித்தேன். போன் கிடையாது, கடிதம்தான் என்று உங்கள் மடத்தில் சட்டம் வைத்ததால் இந்த வயதில் எனக்கு எழுத்து வேலை வந்தது. பிழை இருந்தால் பெரிய சிஸ்டர் சிரித்துவிட்டுப் போகட்டும். அவங்கதானே முதலில் பிரித்துப் படிக்கிறவங்க? வணக்கம் சிஸ்டர்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் செய்து, மடத்துக்குப் போகும்போது ஜோசுவா கையில் கொடுத்துவிட்டுப் போனாயே ஒரு சின்ன கம்ப்யூட்டர், அதை நேற்று நான் பெருக்குகிற தோல் கம்பெனியில், கழிவு டேங்க் வாயில் மாட்டியாகிவிட்டது. எலக்ட்ரீஷியன் அஃப்ரோஸ் மாட்டினான். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கிறது. அதன் தலையில் தொப்பி வைத்த மாதிரி இன்னொரு பலகை. அதில் எட்டுக்கு எட்டு, அறுபத்து நாலு பொட்டு விளக்கு. ஸ்விட்ச் போட்டதும் சிவப்பு, நீலம், ஊதா, மஞ்சள் என்று என்னென்னவோ ஓடி, கடைசியில் பச்சையில் ஒரு சிரிச்ச மூஞ்சி வந்து நின்றது. ஆளுங்க எல்லாம் கூடிட்டாங்க.

சூப்பர்வைசர் பாண்டியன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “இன்னாடா இது, மாதா தேருக்குப் போட வேண்டிய சீரியல் செட்டை டேங்க்ல கட்டிக்கினு இருக்கீங்க?” என்றான்.

“உள்ள காஸ் இருந்தா சிவப்பு காட்டும் சார். எங்க அண்ணன் பொண்ணு பண்ணது” என்றேன்.

“அந்தப் பொண்ணா? இவ்ளோ மூளைய வெச்சிக்கினு இன்னாத்துக்கு மடத்துக்குப் போச்சு?”

“உங்கள மாதிரி ஆம்பளைங்கள பார்த்துட்டுத்தான் சார்” என்றேன். அஃப்ரோஸ் சிரித்ததில் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். தோல் ஊறுகிற டிரம் கழுவின தண்ணீர், சுண்ணாம்பு, மயிர், சவ்வு எல்லாம் வந்து சேருகிற டேங்க் அது. பம்ப் அடைத்துக்கொண்டால் ஒருத்தன் ஏணியில் இறங்கிக் கையால் எடுக்க வேண்டும். உன் அப்பன் அப்படி இறங்கி, ஏறாமல் போய் பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது இறங்குகிறவன் என் மகன் ஜோசுவா. வேறு வேலை கொடுங்கள் என்று நானும் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. இனிமேல் விளக்கைப் பார்த்துவிட்டு இறங்குவான். எனக்கு நேற்றுதான் ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எழுது. எனக்குப் புரிகிற மாதிரி எழுது, உன் வாத்தியாருக்கு எழுதுகிற மாதிரி வேண்டாம்.

உன் தலைமுடியை வெட்டிவிட்டார்களா என்று தெரியாமல் தவிக்கும்
அத்தை சவுரியம்மாள்

ஜெசி சிஸ்டருக்கு: உங்க பச்சை மூஞ்சி என்னைப் பார்த்து சிரிக்குது. ஊர்ல இருந்தப்ப நீங்க ஒருநாளும் இப்படி சிரிச்சதில்ல. – ஜோசுவா


கோத்தகிரி
1 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு, மரியே வாழ்க.

நான் நன்றாக இருக்கிறேன். தலைமுடி இருக்கிறது. ஸ்வெட்டரும் இரண்டு போடுகிறேன். உங்கள் முட்டிக்கு ஜெபிக்கிறேன், ஆனால் நீங்கள் தைலமும் தடவ வேண்டும். பெரிய சிஸ்டர் உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்ததில் வந்த கண்ணீர். இங்கே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் கடிதங்களைக் கையில் தருவார்கள். பதிலையும் அன்றே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதனால் என் பதில் தாமதமானால் வருத்தப்படாதீர்கள்.

விளக்கின் விவரம் இது. பச்சைச் சிரிப்பு என்றால் உள்ளே விஷக்காற்று இல்லை. மஞ்சள் என்றால் கொஞ்சம் இருக்கிறது, மூடியைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சிவப்பு என்றால் அறுபத்து நாலும் சிவப்பாக எரியும். அப்போது யாரும், எதற்காகவும், ஒரு படிகூட இறங்கக் கூடாது.

ஒயரில் தொங்குகிற சின்ன டப்பி ஒன்று, சல்லடை மூடி போட்டது, இருக்கும். அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அதன் மேல் தண்ணீர் படவே கூடாது. பட்டால் கெட்டுவிடும். நம்மால் இன்னொன்று வாங்க முடியாது. அதை மட்டும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை.

அப்பாவுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் என்று நினைத்துத்தான் அதைச் செய்தேன். ஜோசுவாவுக்கு அது இருக்கிறது என்பதே எனக்குப் போதும். அவன் நக்கலுக்கு நான் பதில் எழுதப்போவதில்லை என்று சொல்லுங்கள்.

உங்கள் ஆசீரை வேண்டும்
ஜெசிந்தா


ஆம்பூர்
27 டிசம்பர் 2024

மருமகள் ஜெசிந்தாவுக்கு அத்தையின் முத்தங்கள், கிறிஸ்துமஸ் முடிந்துபோனாலும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

சுகமாக இருக்கிறோம். முட்டிக்குத் தைலம் தடவினேன். வாசனைக்கு கோழி நாலும் வீட்டைவிட்டு ஓடிவிட்டன. ஒன்றைப் பிடித்துத்தான் பண்டிகைக்குக் குழம்பு வைத்தேன்.

உன் விளக்கு கம்பெனிக்கே செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. இருபத்து நாலாம் தேதி ஜோசுவாவும் அஃப்ரோஸும் என்னத்தையோ தட்டி, பச்சை மூஞ்சிக்குப் பதில் மஞ்சளில் ஆறு முனை நட்சத்திரம் வர வைத்தார்கள். “மஞ்சள் எரியுது, எவனும் கிட்ட வராதீங்க” என்று பாண்டியன் கேட் வரைக்கும் ஓடினான். இரண்டு பேருக்கும் நல்ல திட்டு. நான் வாயை மூடிக்கொண்டு சிரித்ததில் விலா வலித்தது.

நிஜமாகவே ஒருநாள் சிவப்பு வந்தது. பத்தாம் தேதி. மூடியைத் திறந்த உடனே அறுபத்து நாலும் ரத்தம் மாதிரி எரிந்தன. ஜோசுவா ஏணியிலிருந்து காலை எடுத்துவிட்டான். பாண்டியன் கத்தினான், “லோடு நிக்குது, டிரம் நிக்குது” என்று. யாரும் அசையவில்லை. பச்சை வர சாயங்காலம் ஆனது. அன்றைக்கு உன் அப்பன் படத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

இதில் இன்னொரு லாபம். முன்பெல்லாம் மூடியைத் திறந்து இரண்டு மணி நேரம் விட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருத்தன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இப்போது அந்தப் பேஜார் இல்லை. பச்சை எரிந்தால் பத்து நிமிடத்தில் இறங்கி ஏறிவிடுகிறான். “உங்க மருமகளுக்குக் கோயில் கட்டணும்” என்கிறான் பாண்டியன். முதலில் கக்கூஸ் கட்டுங்கள் என்றேன்.

உன் மடத்தில் கேக் கொடுத்தார்களா? கொடுக்காவிட்டால் எழுது, நான் வந்து சண்டை போடுகிறேன்.

அத்தை சவுரியம்மாள்

சிஸ்டர், நட்சத்திரம் வரைஞ்சது நான். உங்க புரோகிராம்ல ரெண்டு வரிதான் மாத்தினேன், மறுபடி சரி பண்ணிட்டேன். எனக்கும் மூளை இருக்குன்னு யாராவது மடத்துல சொல்லுங்க. – ஜோசுவா


கோத்தகிரி
5 ஜனவரி 2025

அன்புள்ள அத்தைக்கு, புத்தாண்டு ஆசீர் உங்கள் இருவருக்கும் உண்டாவதாக.

கேக் கொடுத்தார்கள். சுகமாக இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்குப் பயம் வந்தது. கயிற்றை விட்டுவிட்டார்களா? இரண்டு மணி நேரம் விடுவதையும் விட்டுவிட்டார்களா? வேண்டாம் அத்தை. அது மாணவி ஒருத்தி பாடத்துக்காகச் செய்த பொருள். பழைய பழக்கத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளத்தான் அது, பழைய பழக்கத்துக்குப் பதிலாக அல்ல. ஜோசுவாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். என் பேச்சை அவன் கேட்பான்.

அந்தச் சல்லடை டப்பி ஜாக்கிரதை. தண்ணீர், தண்ணீர், தண்ணீர். மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. மார்ச் ஐந்து, சாம்பல் புதனிலிருந்து தவக்காலம். ஈஸ்டர் வரை இங்கே கடிதம் தரமாட்டார்கள். அது எங்கள் ஒறுத்தல். வருகிற கடிதங்கள் பெட்டியில் இருக்கும். ஆகவே மார்ச் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குள் கைக்குக் கிடைக்கிற மாதிரி எழுதுங்கள்.

ஜெசிந்தா

ஜோசுவா, நட்சத்திரத்துக்கு ஆறு முனை வைத்துவிட்டாயாம், அஃப்ரோஸ் பள்ளிக்கூடத்தில் உன்னோடுதானே படித்தான்? அவனாவது எண்ணியிருக்கலாம். கயிறு கட்டு. – ஜெ.


ஆம்பூர்
28 பிப்ரவரி 2025

மருமகளுக்கு அத்தை எழுதுவது.

தாமதத்துக்கு மன்னிப்பு. ஜனவரி பூரா மூட்டுக் காய்ச்சல். எழுந்தால் கிழவி, உட்கார்ந்தால் குழந்தை என்று ஆகிவிட்டேன். இப்போது சுகம், வேலைக்குப் போகிறேன். இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் மலை ஏறுமோ என்னவோ. தபால்காரருக்கும் மூட்டுக் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும்.

கயிறு பற்றி பாண்டியனிடம் சொன்னேன். “அதான் உங்க வூட்டு மெஷின் சிரிச்சிக்கினு இருக்கே, அப்புறம் கயிறு எதுக்கு? நம்பிக்கை இல்லியா உங்க பொண்ணு மேல?” என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நம்பிக்கை இல்லாமல் என்ன?

நீ மூன்று தடவை எழுதின தண்ணீர் விஷயத்தை நான் மறக்கவில்லை. நம் கம்பெனி உப்புக்கும் சுண்ணாம்புக்கும் இரும்பே மூன்று மாதத்தில் பொரிபொரியாக உதிர்கிறது. இங்கே எதை வாங்கினாலும் முதலில் கவர் போட வேண்டும். டி.வி. ரிமோட்டுக்கு, ரேஷன் கார்டுக்கு, வீட்டுக்கு இருக்கிற ஒரே போனுக்கு, அது ஜோசுவா பையில்தான் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் கவர் போட்டவள் நான். போன வாரத்துக்கு முந்தின வாரம் ஹோஸ் பிடுங்கிக்கொண்டு டேங்க் பக்கம் தண்ணீர் பீய்ச்சியடித்தது. ஒரு விரல் தள்ளி விழுந்தது.

மறுநாள், பிப்ரவரி பதின்மூன்று, ஃபினிஷிங் செக்‌ஷனில் தோல் சுற்றுகிற நல்ல கெட்டி பாலிதீன் ஒரு முழம் வாங்கி, உன் சல்லடை டப்பிக்கு இரண்டு சுற்று சுற்றி, ரப்பர் பேண்டால் வாயை இறுக்கி, மேலே டேப்பும் ஒட்டினேன். விளக்குப் பலகைக்குத் தனியாக ஒரு கவர். இப்போது பாலாற்றில் வெள்ளம் வந்து முங்கினாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது.

இதைக் கேள். கவர் போடுகிறவரை வாரத்துக்கு இரண்டு நாள் மஞ்சள் வரும். போட்டதிலிருந்து ஒருநாள்கூட வரவில்லை! காலை முதல் சாயங்காலம் வரை பச்சைச் சிரிப்புதான். ஈரம் பட்டுத்தான் முன்பு மஞ்சள் காட்டியிருக்கிறது என்கிறான் ஜோசுவா. நீ படித்து முடிக்காததை உன் அத்தை முடித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்.

உபவாசம் என்று சொல்லி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அத்தை சவுரியம்மாள்

சிஸ்டர், ஆறு முனைதான் சரி, எட்டு விளக்கு அகலத்துல அஞ்சு முனை கோணலா வருது, போட்டுப் பாருங்க. ஈஸ்டருக்கு முயல் வரையப் போறேன். அதுக்குள்ள என்னை மறந்துடாதீங்க. – ஜோசுவா


கோத்தகிரி
20 ஏப்ரல் 2025, ஈஸ்டர்

அத்தை,

கவரைப் பிரியுங்கள். இதைப் படிக்கிற இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போய்ப் பிரியுங்கள்.

அந்தச் சல்லடை டப்பிதான் மூக்கு. காற்று அதற்குள் போனால்தான் அதற்கு விஷம் தெரியும். மூக்கைக் கட்டிவிட்டால் எப்போதும் பச்சைதான் காட்டும். அதை மூக்கு என்று நான் உங்களுக்கு எழுதவே இல்லை. தண்ணீர் தண்ணீர் என்று மட்டும் எழுதினேன்.

உங்கள் கடிதம் மார்ச் நான்காம் தேதி வந்திருக்கிறது. ஞாயிறு தாண்டி இரண்டு நாள். இன்று பூசை முடிந்ததும் கொடுத்தார்கள். படித்த உடனே பெரிய சிஸ்டரிடம் அழுது போன் கேட்டேன். தந்தார். மூன்று முறை போட்டேன், உங்கள் எண் உபயோகத்தில் இல்லை என்றே வருகிறது. ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

கவரைப் பிரிக்கும்வரை ஜோசுவாவை இறங்கவிடாதீர்கள். பச்சை எரிந்தாலும் விடாதீர்கள். உடனே பதில் எழுதுங்கள்.

ஜெசிந்தா


ஆம்பூர்
11 மே 2025

ஜெசிந்தாவுக்கு அத்தை எழுதுவது.

இங்கே சுகம். முட்டிவலி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. எங்கே போயிற்று என்று நான் தேடவுமில்லை.

நீ எழுதினபடி கவர் இப்போது இல்லை. எடுத்தாகிவிட்டது. அதைப் பற்றி இனி ஒன்றும் நினைக்காதே. போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, அதான் உனக்குக் கிடைக்கவில்லை.

ஜோசுவா ஊரில் இல்லை. ஓசூர் பக்கம் ஷூ கம்பெனியில் ஆள் எடுத்தார்கள், போய்விட்டான். டேங்க் வேலை இனி அவனுக்கு இல்லை. நீயும் நானும் அதைத்தானே கேட்டோம்?

வெயில் கொளுத்துகிறது. எதிர் வீட்டுக் கோவிந்தசாமி மாடியில் தண்ணீர் ஊற்றி, அது எங்கள் வீட்டுக்குள் ஒழுகி, பெரிய சண்டை. அவன் வழுக்கைத் தலையில் ஊற்றியிருந்தால் வீணாகியிருக்காது என்றேன். ஊரே சிரித்தது.

படிப்பைக் கவனி. கன்னியாஸ்திரீயாக வார்த்தைப்பாடு கொடுக்கிற வரைக்கும் வேறு எதிலும் மனசை வைக்காதே.

அத்தை


கோத்தகிரி
1 ஜூன் 2025

அன்புள்ள அத்தைக்கு, மரியே வாழ்க.

மே மாத ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடிதம் இல்லாமல் போயிற்று. இன்றுதான் கிடைத்தது. ஏப்ரலில் நான் எழுதியதற்கு நீங்கள் பதில் எழுத இத்தனை நாள் எடுத்திருக்கிறீர்கள்.

உடம்பு நன்றாக இருக்கிறதா? கோவிந்தசாமி மாமாவைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரிக்க முயன்றேன்.

ஜோசுவா கீழே ஒரு வரி எழுதாமல் உங்கள் கடிதம் வந்தது இதுதான் முதல் முறை. ஊருக்குப் போகிறவன் போகிறேன் என்று எழுதமாட்டானா? அவன் ஓசூர் விலாசம் அனுப்புங்கள். ஒரு வரி எழுதிக் கேட்கிறேன்.

அந்தச் சின்ன கம்ப்யூட்டரின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு செருகியிருக்கும். அஃப்ரோஸிடம் சொல்லி எடுத்து அனுப்புங்கள். பழுது பார்க்க வேண்டும்.

ஜெசிந்தா


ஆம்பூர்
15 ஜூன் 2025

ஜெசிக்கு,

சுகம்.

அஃப்ரோஸ் கார்டை எடுத்துக் கொடுத்தான். தோல் துண்டில் சுற்றி இதோடு வைத்திருக்கிறேன். நீ அதை எதற்குக் கேட்கிறாய் என்று அவனைக் கேட்டதற்கு, “அனுப்புங்கம்மா, அந்தப் பொண்ணுக்குத் தெரியணும்” என்றான். அவனுக்கும் உன்னை மாதிரி பாதிப் பேச்சுதான்.

ஓசூர் விலாசம் கையில் இல்லை. அவன் ரூம் மாற்றிக்கொண்டே இருக்கிறான்.

அஃப்ரோஸ் அம்மா அக்தரி பேகம் தினமும் எனக்குச் சோறு கொண்டுவந்து வைக்கிறாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. வாசலில் உட்கார்ந்து நான் சாப்பிட்டு முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

அத்தை


கோத்தகிரி
6 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கு,

எனக்குத் தெரிந்துவிட்டது.

பெரிய சிஸ்டர் நம் பங்குச்சாமிக்குப் போன் செய்தார். சாமி முதலில், சொல்லக் கூடாது என்று நீங்கள் கேட்டுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். பிறகு சொல்லிவிட்டார். மார்ச் பன்னிரண்டு. நான் அன்று இங்கே தோட்டத்தில் கேரட் பிடுங்கினேன். நாட்குறிப்பில் அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

உங்களிடம் நான் கோபப்படவில்லை. நான் எழுதப்போவதை மட்டும் நம்புங்கள்.

அந்த கார்டில், நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு விஷக்காற்று என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும். மடத்துப் பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டரில் போட்டு எல்லாவற்றையும் பார்த்தேன். ஜனவரி இருபதாம் தேதியோடு சல்லடை டப்பி செத்துப்போயிருக்கிறது. அதற்குப் பிறகு கடைசி வரை ஒரே எண். நீங்கள் கவர் போட்டது பிப்ரவரியில். அதற்கு மூன்று வாரம் முன்பே அது பிணம். உங்கள் கவரால் எதுவும் ஆகவில்லை. நீங்கள் போடாமலிருந்தாலும் பச்சைதான் எரிந்திருக்கும்.

மட்டமான டப்பியை வாங்கியவள் நான். அது கெட்டால் விளக்கு அணைய வேண்டும் என்று புரோகிராம் எழுதத் தெரியாதவள் நான். தப்பு முழுவதும் என்னுடையது. இதை நீங்கள் நம்பிவிட்டால் எனக்கு அது போதும். நன்றாகச் சாப்பிடுங்கள்.

ஜெசிந்தா


ஆம்பூர்
14 ஜூலை 2025

ஜெசிந்தாவுக்கு அத்தை எழுதுவது.

சுகம் விசாரிக்கிற நிலைமையில் நாம் இரண்டு பேரும் இல்லை. அதை விடு.

நீ எழுதின பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடு. உனக்குப் பொய் சொல்ல வராது. பிப்ரவரி முதல் வாரத்தில் மஞ்சள் வந்ததை நானே பார்த்தேன். ஜனவரியில் செத்த பிணம் மஞ்சள் காட்டுமா? பொய் சொல்கிறவள் தேதியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நானும் ஓசூர் என்று சொன்னேன். நீ வார்த்தைப்பாடு கொடுக்கிறவரை மறைக்கலாம் என்று நினைத்தேன். அது பாதிதான் நிஜம். எழுதினால் கவரையும் எழுத வேண்டும். அதற்குத்தான் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அப்போது ரம்ஜான் நோன்பு மாதம். அஃப்ரோஸ் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்று மணி சுமாருக்கு பம்ப் நின்றது. மூடியைத் திறந்தார்கள். ஜோசுவா, “கொஞ்ச நேரம் விட்டு இறங்கறேன் சார்” என்றான். பாண்டியன் பலகையைக் காட்டி, “அதான் சிரிக்குதே, இன்னாத்துக்கு டைம் வேஸ்ட்டு?” என்றான். கயிறும் இல்லை. நான் பத்தடி தள்ளிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஏணியில் நாலு படி இறங்கினவன் என்னைப் பார்த்து, “யம்மா, சாயங்காலம் இன்னா கொழம்பு?” என்றான். “உன் மூஞ்சிக்கு ரசம் போதும்” என்றேன். நான் அவனிடம் பேசின கடைசிப் பேச்சு அதுதான்.

விழுந்த சத்தம் கேட்டது. அஃப்ரோஸ் ஓடிவந்து எட்டிப் பார்த்தான். “பொய் சொல்லுது, இது பொய் சொல்லுது” என்று கத்திக்கொண்டே கவரைப் பிய்த்தான். பிய்த்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அறுபத்து நாலும் சிவப்பாகிவிட்டன. நான் என்ன செய்துவைத்திருந்தேன் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. யாரும் சொல்லித் தரவில்லை.

அஃப்ரோஸ் ஏணியில் காலை வைத்துவிட்டான். உன் அப்பனைத் தூக்குகிறேன் என்று இறங்கின பச்சையப்பனும் இப்படித்தான் போனான், இரண்டு பேரையும் சேர்த்துத்தான் எடுத்தார்கள். நான் அஃப்ரோஸின் பெல்ட்டைப் பிடித்தேன். “விடுங்கம்மா, உங்க புள்ள உள்ள இருக்கான்” என்று என் கையைக் கடித்தான். விடவில்லை. கீழே என் பிள்ளை கிடக்க, மேலே அக்தரி பேகம் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபயர் வண்டி வர நாற்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. அது எரியாமல் இருந்திருந்தால் என் கை விட்டிருக்கும். நானே அவனை இறங்கு, இறங்கு என்று சொல்லியிருப்பேன்.

அதனால் அது செத்த டப்பி என்று இனிமேல் எழுதாதே. அது வேலை செய்தது. அஃப்ரோஸ் உயிரோடு இருக்கிறான். மூக்கு என்று நீ எழுதாததும் நிஜம், அது என்னத்துக்கு என்று நான் கேட்காததும் நிஜம். கயிறு வேண்டாம் என்றவன் இன்றைக்கும் சூப்பர்வைசர். முழுத் தப்பையும் நீ ஒருத்தி எடுத்துக்கொண்டால் அவனுக்கு ரொம்ப சௌகரியம்.

அதிகாரிகள் வந்து டேங்குக்கு சீல் வைத்தார்கள். இப்போது எடுத்துவிட்டார்கள். மனுஷன் இறங்கக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டியிருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ஏணியும் இருக்கிறது. ஜோசுவா இடத்துக்குப் பெருமாள் என்று ஒருத்தன் வந்திருக்கிறான், திமிரிப் பக்கத்து ஆள், இரண்டு பிள்ளைகள். வருகிற திங்கட்கிழமை இறங்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பலகையைத் தூக்கி உடைத்துவிடலாம் என்றுதான் நாலு மாதமாக இருந்தேன். இப்போது அப்படி இல்லை. ஆனால் கார்டு உன்னிடம் இருக்கிறது. அது இல்லாமல் ஒரு விளக்கும் எரியவில்லை. இதைப் படித்த உடனே திருப்பி அனுப்பு. காற்று போக வேண்டும், தண்ணீர் தெறிக்கக் கூடாது, அதற்கு என்ன செய்வது என்று படம் போட்டு எழுது. எதை எதற்குச் செய்கிறோம் என்றும் எழுது. பெரிய சிஸ்டருக்கு: சிஸ்டர், நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள். முதல் ஞாயிறு வரைக்கும் இதைப் பெட்டியில் வைக்காதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

கார்டு வருகிறவரை டேங்க் மூடிமேல் நான் உட்கார்ந்துகொள்வேன் என்று பாண்டியனிடம் சொல்லியாகிவிட்டது. சிரிக்கிறான். என்னை நகர்த்த நாலு ஆள் வேண்டும், அது உனக்குத் தெரியும். ஆனால் அவனிடம் நாலு ஆள் இருக்கிறார்கள்.

சவுரியம்மாள்